பூச்சங்கத்துச் சின்னம்மா

எங்கள் சின்னம்மாவின் பெயரைச் சொன்னால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. பூச்சங்கத்துப் பொண்ணு என்றால் போதும், வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிவந்து விட்டுவிடுவார்கள். சங்கத்துக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. சின்னம்மா அதை முதலில் தோட்டச் சங்கம் என்றுதான் தமிழில் சொன்னார். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தோட்டம் என்றால் வேறெதுவும் தோன்றாது. கொழுந்தியாள் தொழிற்சங்கத்தில் சேர்ந்து கொடி பிடிக்கப் போகிறாள் என்று அப்பா சோறு இறங்காமல் கிடந்தார். அதன் பிறகுதான் அது பூச்சங்கம் ஆயிற்று.

எழுபதுகளின் கடைசியில் தோட்டத்தை விட்டு வந்து, சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அப்பா கல்மலையிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மாவின் தங்கையான சின்னம்மா எங்களோடு இருந்து, ஈப்போ டவுனில் ஒரு தையல் கடைக்குப் பஸ்ஸில் போய்வந்தார். வீட்டுக்குப் பின்னால் ஈயம் எடுத்துத் தீர்ந்த வெள்ளை மணல். அதில், எங்கேயும் மண்டிவிடும் லாலாங் புல்லே யோசித்துத்தான் முளைக்கும். சின்னம்மா விடுவாரா? கோழிச்சாணத்தையும் வாழைமட்டையையும் போட்டுப் புரட்டி, பால்மாவு டின்களில் செடி வைத்து, ஆறே மாதத்தில் சாக்கடை ஓரம் முழுக்கப் பூவாக்கிக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் காலி டின்களைத் தாங்களே கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினார்கள்.

தையல் கடைக்குத் துணி தைக்க வந்த மிஸஸ் லிம்தான் அவரைச் சங்கத்துக்கு இழுத்துப் போனவர். ரப்பர் மரத்தில் பால் வடிய வைக்கும் மங்கு இருக்கிறதே, தோட்டத்திலிருந்து வரும்போது சின்னம்மா அதில் சிலவற்றைக் கொண்டுவந்திருந்தார். ஒரு மங்கில் தண்ணீர் ஊற்றி, இரண்டு செம்பருத்தி மொட்டும் ஒரு மரவள்ளித் தண்டும் செருகித் தையல் மெஷின் மேல் வைத்திருக்கிறார். மிஸஸ் லிம் துணியை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அந்த வருஷம் நகர மண்டபத்தில் நடந்த பூக்காட்சியில் பெரிய வீட்டு அம்மாக்கள் படிகக் கிண்ணத்திலும் வெள்ளித் தட்டிலும் பூ அடுக்கியிருக்க, எங்கள் சின்னம்மாவின் கறை பிடித்த மங்கு ரப்பர் கொட்டைகள் சூழ நடுவில் உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு கோப்பையும் கிடைத்தது. அம்மா அந்தக் கோப்பையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, விளக்கு ஏற்றும்போதெல்லாம் அதற்கும் சேர்த்துப் பொட்டு வைத்தார்.

ஆனால் பூச்சங்கம் என்பது பூ அடுக்கிக் கேக் தின்கிற கூட்டம் இல்லை. சீனர், தமிழர், மலாய்க்காரர் என்று எல்லாப் பெண்களும் சனிக்கிழமையானால் மண்வெட்டியோடு வேனில் ஏறிவிடுவார்கள். கிளினிக் வாசல், பள்ளிக்கூடத்து மூலை, பஸ் நிற்கும் இடம் என்று எங்கெங்கே குப்பை குவிந்ததோ அங்கெல்லாம் ஒரு பாத்தி கட்டினார்கள். பஸ் நிற்கும் இடத்துப் பாத்தியில் ஒருவன் தினமும் மோட்டார் சைக்கிளை ஏற்றி நிறுத்தினான். சின்னம்மா தமிழிலும் மலாயிலும் தனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்டனீஸிலும் அவனைப் பிடித்து வாங்கின வாங்கில், மறுநாள் அவன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து செடிக்கு ஊற்றினான். சின்னம்மாவுக்கு அப்படி ஒரு வாய். யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டு நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேன் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகும். பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரை விளக்க வேண்டாம். மனநலம் குன்றியவர்களுக்கான பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. அதனால் அந்தப் பெயரே எங்களுக்குத் திட்டாகிப் போயிருந்தது. கணக்கு தப்பாகப் போட்டால், பாவாடையை மாற்றிப் போட்டால், தனியாகச் சிரித்தால், எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான்: "ஒன்னிய தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்." அந்த இடத்துக்குச் சின்னம்மா மண்ணும் நாற்றும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவது மாதிரி தலை குளித்துப் போவார்.

பள்ளி விடுமுறையில் ஒருமுறை நானும் அடம்பிடித்துக் கூடப் போனேன். வேனை விட்டு இறங்கியதும் சின்னம்மாவின் முந்தானையை விடவில்லை. உள்ளே பார்த்தால் நான் கற்பனை செய்துவைத்திருந்த ஒன்றும் இல்லை. பெரிய மரங்கள், ஒரு வார்டுக்குப் பின்னால் நீளமான பூப்பாத்தி, அதில் குந்திக் களை பிடுங்கும் பெண்கள். அதில் ஒரு இளம்பெண் கோழிக்கொண்டைப் பூப்பாத்தியைத் தன்னுடையது என்று வைத்திருந்தார். வேறு யாரையும் அதில் கைவைக்க விடமாட்டாராம். அதிகம் பேசாத அவரும், பேச்சை நிறுத்தாத எங்கள் சின்னம்மாவும் நத்தையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் என்றே யாரும் நினைத்திருப்பார்கள்.

அந்த அக்கா ஒரு முற்றிய பூவை ஒடித்து என் உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். கருகருவென்று மின்னும் பொடி விதைகள் கொட்டின. என் விரல்களை மடக்கி மூடிவிட்டு, "தொலைச்சிராத" என்றார். மரத்தடிப் பெஞ்சில் ஒரு அடுக்குச் சட்டி இருந்தது. "அப்பா கொண்டாந்தாரு. இடியப்பம். வேணுமா?" என்று கேட்டார். எனக்கு வேண்டும்தான், ஆனால் பயம், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நான் பார்த்தது அவர் முதுகைத்தான்.

அந்த விதைகளைச் சின்னம்மா டின்னில் தூவிக் கொடுத்தார். முளைத்ததில் ஒன்றுதான் தேறியது. என் செடி, என் டின், என் பூ என்று நான் போட்ட ஆட்டத்தில் தம்பிக்கு அந்தப் பக்கமே வர அனுமதி இல்லை. அரக்குச் சிவப்பில், வெல்வெட்டுத் துணியை மடித்துவைத்தது போல் அது கொண்டை விட்டபோது நான்தான் பூச்சங்கத்தின் தலைவி.

அந்தச் சமயத்தில்தான் சித்தியவானிலிருந்து சின்னம்மாவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். சின்னம்மாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது என்று சொந்தக்காரர்கள் குசுகுசுக்கத் தொடங்கிய காலம் அது. அதற்கு முன் வந்த போட்டோக்களையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தவர், இந்தப் போட்டோவை மட்டும் தன் விதைகள் வைக்கும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடிக்கொண்டார். விதை எடுக்கும் சாக்கில் அந்த டின் அடிக்கடி திறக்கப்பட்டது. அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். வீடு முழுக்க அந்தச் சந்தோஷம் தெரிந்தது.

பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற அந்தப் பெரியப்பா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். வெயில் கொளுத்துகிற நாளில் குடையோடு வந்து, அதைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தமக்கு ஒரே மகள், சிங்கப்பூரில் ஃபாக்டரியில் நல்ல வேலை என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னம்மா கோப்பித் தட்டோடு வந்தார். பெரியவர் முகத்தைப் பார்த்ததும் தட்டு ஒரு குலுக்குக் குலுங்கிக் கோப்பி சாசரில் சிந்தியது. வெட்கம் என்று அம்மா சிரித்தார்.

பெரியவர் கோப்பியைத் தொடவில்லை. தொண்டையைச் செருமினார்.

"ஒரு விசயம் பேசிறணும். இந்தப் பொண்ண நான் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில பார்த்திருக்கேன். ஒரு தடவ இல்ல, பல தடவ."

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த பலகாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "மருந்து எடுக்குதா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க! பூச்சங்கத்துல போவா. அங்க உள்ளவங்களுக்குப் பூச்செடி வச்சுக் குடுக்குறாங்க. கப்புகூட வாங்கியிருக்கா, பாருங்க" என்று அம்மா சாமி படத்தின் பக்கம் கையைக் காட்டினார். பதறிப்போய்ப் பேசியதில் எதை எதோடு சேர்த்துச் சொல்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"பூ வைக்க ஈப்போவுல வேற எடமா இல்ல?" என்றார் அந்த அம்மா.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கோபக்காரர் இல்லை, ஆனால் வீட்டுப் பெண்ணைச் சொன்னால் தாங்கமாட்டார். நாற்காலியில் முன்னுக்கு வந்து, "இருக்கட்டும் பெரியவரே. நான் ஒண்ணு கேக்குறேன். நீங்க அங்க..." என்று ஆரம்பித்தார்.

"ஆமாங்க, நான் போறேன்!"

அப்பாவின் பேச்சில் சின்னம்மா குறுக்கே விழுந்தார். அக்காள் புருஷன் எதிரே உட்காரக்கூட மாட்டார், அன்று கூடத்து நடுவில் நின்று சத்தமாகச் சொன்னார். "மாசாமாசம் போறேன். அடுத்த மாசமும் போவேன். கல்யாணம் ஆனாலும் போவேன். அதுல ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா இப்பவே சொல்லிருங்க."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். மாப்பிள்ளை பெரியப்பாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு அம்மாவின் பின்னால் போனார். பெரியவர் மட்டும் தலையைக் குனிந்தபடி காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நின்றார். மாட்டி முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. சின்னம்மா சாக்கடை ஓரம் போய் என் கோழிக்கொண்டை டின்னைத் தூக்கி, அடியில் பழைய பேப்பரைச் சுற்றி, அவர் கையில் கொடுத்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு பக்கத்தில் நின்றேன்.

"போறப்ப கொண்டுபோங்க" என்று மெதுவாகச் சொன்னார். "மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி ஊத்தணும். அவங்களுக்குத் தெரியும்."

பெரியவர் டின்னை வாங்கிய கையில் குடையைப் பிடிக்கத் தெரியாமல் அதைக் கீழே போட்டார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. சின்னம்மாதான் எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே பிஸ்கட் டின்னிலிருந்து போட்டோ வெளியே வந்தது. அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் சின்னம்மா குளிக்கப் போனார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. விசயம் காதுக்குக் காது பரவி, அடுத்த சில வருஷங்களுக்கு எங்கள் வாசலுக்கு வரன் எதுவும் வரவில்லை. மிஸஸ் லிம் மட்டும் கொதித்துப்போய், பூக்காட்சிக் கோப்பையையும் சங்கத்துப் பெண்கள் எல்லாரையும் வேனில் ஏற்றிச் சித்தியவானுக்கே போய் நியாயம் கேட்கிறேன் என்று நின்றார். "வேணாம்லா ஆன்ட்டி, விடுங்க" என்று சின்னம்மாதான் அவரைத் தேற்றினார். அடுத்த மாதச் சனிக்கிழமை சொன்னபடியே தலை குளித்துவிட்டு வேனில் ஏறினார். பின்னாளில் சங்கத்துக்கு மண் ஏற்றிவந்த லாரிக்காரரையே கட்டிக்கொண்டு நன்றாகத்தான் வாழ்ந்தார். ஆனால் அந்தப் போட்டோவை எடுத்துக் கொடுத்த முகத்தை நான் மறக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தோழியின் கல்யாணத்துக்குச் சித்தியவான் போனபோது, மண்டபத்தில் ஒரு கிழவர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த நாற்காலியில் முடி நரைக்கத் தொடங்கிய ஒரு பெண், தலையில் பூவோடு, வருகிற போகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நத்தையைப் பற்றிப் பேசிய அக்கா.

"அப்படியே அந்தச் சாடை. நீ பூச்சங்கத்துப் பொண்ணோட அக்கா மகதானே?" என்றார் கிழவர். "எம் மக வீட்டுக்கு வந்து ரெண்டு வருசம் ஆச்சும்மா. வாசல் பூரா கோழிக்கொண்டைதான்." மகளின் தலையில் நழுவிய பூவைச் சரிசெய்தார். "ஒங்க சின்னம்மா எங்க வீட்டுக்கு வந்தா என் குட்டு ஒடைஞ்சிரும்னு பயந்து நானே முந்திக்கிட்டேன். அன்னிக்கு ஒங்கப்பா என்னியக் கேக்க வந்தாரு, நீங்க அங்க எதுக்குப் போனீங்கன்னு. ஒங்க சின்னம்மா கேக்க விடல."

சின்னம்மா இதைக் கடைசி வரை யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. ஊருக்கே பதில் சொல்லும் வாய் அது. தன் கல்யாணம் கண்ணெதிரே போகிறபோது, அவர் திருப்பிக் கேட்டிருந்தால் போதும், அந்தப் பெரியவர் தலைகுனிந்திருப்பார். அவர் மகள் ஊர் வாயில் விழுந்திருப்பாள். அந்தக் கேள்வி வேறு யார் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது என்றுதான் அவர் குறுக்கே விழுந்தார்.

பெண் பார்க்க வந்தவர்கள் போன அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? கார் போனதும் தரையில் புரண்டு அழுதேன். கல்யாணத்தைக் கெடுத்தவனுக்கு என் செடியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்ற ஆத்திரம். சின்னம்மா குழாயடியில் கை மண்ணைக் கழுவிக்கொண்டே, "அழாதடி. அது அவங்க வீட்டுப் பூதான்" என்றார்.

எங்கள் டின், எங்கள் மண், நான் கையை இறுக மூடிக் கொண்டுவந்த விதை. அது எப்படி அவர்கள் வீட்டுப் பூவாகும்? மாப்பிள்ளை போன துக்கத்தில் சின்னம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, சின்னம்மாவை உடனே தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அம்மாவின் காதில் சொன்னேன்.