அப்பா முகம் பாக்க மேட்னிக்குப் போனோம்

அப்பா மெட்ராஸ்ல இருந்து வந்து குனிஞ்சு என்னைத் தூக்குனா, மூக்குல மொதல்ல ஏறுறது மீசை ஒட்டுற பசை வாசம்தான். எத்தனை தடவை குளிச்சாலும் போகாது. காது மடலுக்குப் பின்னால மேக்கப் கொஞ்சம் காஞ்சு ஒட்டியிருக்கும்... அதை நகத்தால சுரண்டி எடுக்குறது என் வேலை.

அப்பா சினிமா நடிகர். பேரு சவரிமுத்து. உங்களுக்குத் தெரியாது, மெனக்கெட்டு யோசிக்காதீங்க. சின்னதுலயே நாடகக் கம்பெனியோட ஓடிப்போனவரு, அப்புறம் மெட்ராஸ். போஸ்ட்மேன், கணக்குப்பிள்ளை, ஹீரோயினுக்கு அப்பா... ஒரு சீன், மிஞ்சிப்போனா ரெண்டு சீன். அதுலயும் பாதிப் படத்துல செத்துருவாரு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு சுவரோரமாச் சரியிறதுல அவரை அடிச்சுக்க ஆளில்லைன்னு ஸ்டுடியோவுல பேராம்.

திண்டுக்கல்ல எங்க தெருவுல அதுவே கேலியாப் போச்சு.

"ஏலே சவரி, இந்தப் படத்துல எந்த ரீல்லடா சாகுற?"

அப்பாவும் சளைக்க மாட்டாரு. "இடைவேளைக்கு முன்னாடியே போயிருவேண்ணே. சோடா குடிக்க எந்திரிச்சுப் போயிறாதீக."

அம்மாவுக்கு மட்டும் இந்தப் பேச்சே ஆகாது. அப்பா அனுப்புறது எப்ப வரும்னு சொல்ல முடியாம, புகையிலைக் கொடோன்ல இலை பிரிச்சுக் குடும்பத்த ஓட்டுனவங்க. அப்பா சாகுற படம் ஒண்ணைக்கூட அவங்க பாத்ததில்ல. "உசிரோட இருக்க மனுசன நான் எதுக்கு அப்டிப் பாக்கணும்?"னு ஒரே பேச்சு.

அறுபதுகள்ல ஒரு கோடை. எனக்குப் பத்து வயசு இருக்கும். அப்பாகூட நடிக்கிற ராமையா மாமா எங்க வாசல்ல வந்து நின்னாரு. கையில அப்பாவோட டிரங்குப் பெட்டி. காமாலை முத்திப்போய் ஆஸ்பத்திரியில அப்பா போயிட்டாரு. அடக்கமும் முடிஞ்சிருச்சு.

"வெயிலு தங்கச்சி... வச்சிருக்க முடியல. தந்தி குடுத்தோமே, வரலியா?"

வரல. தந்தி மறுநாள்தான் வந்துச்சு.

அம்மா அழவே இல்ல. "மொகத்தக்கூடப் பாக்கலையே"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எங்க பக்கம் அது பெரிய குறை. முகம் பாக்காத சாவ மனசு ஒத்துக்காது. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுவத்தி வாங்கிட்டுப் போனாங்க. எங்களுக்குப் போக இங்க ஒரு குழி இல்ல.

அதுக்கப்புறம்தான் அப்பா கடைசியா நடிச்ச படம் திண்டுக்கல்லுக்கு வந்துச்சு. அதுலயும் பிணம். சேதி கேட்டு ரெட்டியார்சத்திரத்துல இருந்து அப்பாவோட அக்கா, லூர்து அத்தை, பஸ் ஏறி வந்துட்டாங்க. கையில சம்பங்கி மாலை.

"கெளம்பு தாயி. தம்பி மொகத்தப் பாத்துட்டு வந்துருவோம்."

தாலி அறுத்தவ சினிமாக் கொட்டகைக்குப் போறாளேன்னு தெருவே வாயப் பொளந்துச்சு. பேசிட்டுப் போகட்டும்... இவங்களா வந்து எங்களுக்குக் கஞ்சி ஊத்துனாங்க? ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சு, அப்படியே மேட்னிக்குப் போனோம். அம்மா, அத்தை, நான்.

பொம்பளைங்க பக்கம் தரை டிக்கெட். என்ன கதைன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. திடீர்னு அப்பா...

பாடையில படுத்திருக்காரு. நெத்தியில காசு, தாடையச் சுத்தி வெள்ளைத்துணி, பட்டை பட்டையாத் திருநீறு. சிலுவை போடுற வேதக்கார மனுசனுக்குத் திருநீறு! அத்தை அதையெல்லாம் பாக்கல. எந்திரிச்சு நின்னு மாருல அடிச்சுக்கிட்டாங்க.

"ஏலே தம்பி... கூடப்பொறந்தவகிட்டகூடச் சொல்லாம இங்க வந்து படுத்துக் கெடக்கியேடா!"

"உக்காரும்மா, மறைக்குது"ன்னு பின்னால இருந்து சத்தம். அப்புறம் விசயம் பரவி, முன்னப்பின்ன தெரியாத பொம்பளைங்களும் சேந்து அழுதாங்க. கொண்டுவந்த மாலையை எங்க போடுறதுன்னுதான் அத்தைக்குத் தெரியல.

அதுக்குள்ள அடுத்த சீன். காமெடி. கொட்டகையே சிரிக்குது, அத்தை இன்னும் அழுதுகிட்டு இருக்காங்க. அந்தச் சிரிப்புச் சத்தத்த நான் இந்த வயசு வரைக்கும் மன்னிக்கல.

படம் முடிஞ்சு எல்லாரும் கெளம்பியாச்சு. அம்மா மட்டும் எந்திரிக்கல.

"இன்னும் இருக்கு"ன்னாங்க.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அப்பா வீட்டுல ஒண்ணு சொல்லுவாரு... ஸ்டுடியோவுல யாராவது பிணமா நடிச்சா, உடனே எழுப்பி, மாலையக் கழட்டி, கேமராவப் பாத்துச் சிரிக்கச் சொல்லி ஒரு துண்டு பிலிம் எடுத்துருவாங்களாம். கெட்டது அண்டாம இருக்க. அம்மா பயப்படக் கூடாதுன்னு அதைச் சொல்லிச் சொல்லித்தான் சமாதானப்படுத்துவாரு. அம்மா அந்தத் துண்டப் பாக்கத்தான் வந்திருக்காங்க.

டிக்கெட் கிழிக்கிறவரு வந்தாரு. "அம்புட்டுத்தான் தாயி, எந்திரிங்க. அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டணும்."

"செத்ததக் காட்டுனீகள்ல அப்பு... சிரிச்சதயும் காட்டிட்டு விடுங்க."

அவருக்கு ஒண்ணும் புரியல. அத்தை விவரத்தச் சொன்னாங்க. கேட்டுட்டு குரலத் தாழ்த்திக்கிட்டாரு.

"அதெல்லாம் அங்கயே வெட்டிப் போட்ருவாக தாயி. இங்க வர்ற படப் பொட்டில இருக்காது."

"வெட்டி எங்க போடுவாக?"

அம்மா அப்பத்தான் அழுதாங்க. கூட்டுற பொம்பளை வெளக்கமாத்தோட ஓரமா நின்னுக்கிட்டிருந்தா.

இப்பல்லாம் படம் முடிஞ்சு பேரு ஓடும்போது, நடிகருங்க தப்பாப் பேசுனது, விழுந்து விழுந்து சிரிச்சது எல்லாத்தையும் போடுறாங்க. ஜனங்க அதுக்குள்ள பைக் எடுக்க ஓடிருது. நான் கடைசி வரைக்கும் உக்காந்திருப்பேன். "பாட்டி, முடிஞ்சிருச்சு வா"ன்னு பேத்தி கையப் புடிச்சு இழுப்பா. அவ போன்ல நான் சிரிக்கிறதே நூறு கெடக்கு... வாயத் தொறந்து தூங்குனதக்கூட எடுத்து வச்சிருக்கா கழுதை.

அப்பா போட்டோ வீட்டுல ஒண்ணே ஒண்ணு. விறைப்பா நிக்கிறாரு. அந்தக் காலத்துல போட்டோவுக்கு யாரு சிரிச்சா?

அந்தப் படம் எப்பவாவது டிவில வரும். அப்பா முகம் நல்லாத் தெரியும். அவரு எப்படிச் சிரிப்பாருன்னு கண்ண மூடி யோசிச்சுப் பாக்குறேன்...

வர மாட்டேங்குது.