மாமா எடுத்துக் கொடுத்த கம்ப்யூட்டர்

அம்மாவின் தம்பி கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தார். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்டதில்லை. தீபாவளிக்கு வரும்போது, கழுத்தில் நீல நாடாவில் தொங்கும் அட்டையைக் கழற்றாமலேயே பஸ்ஸை விட்டு இறங்குவார். அட்டையில் அவர் படமும் கம்பெனியின் பெயரும் இருக்கும். அது போதுமாயிருந்தது. யாருடைய போன் தண்ணீரில் விழுந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சுங்க" என்பார். எப்போதும் போர்டுதான் போயிருக்கும்.

நான் ஒன்பதாம் ஆண்டு படித்தபோது, எனக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தர அப்பா ஒப்புக்கொண்டார். அதுவும் கேம் விளையாடும் கம்ப்யூட்டர். அம்மாவின் போனில் கார் ஓட்டி ஓட்டி, லயத்துப் பையன்களை எல்லாம் நான் தோற்கடித்திருந்தேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டபோது, "லொறி ஓட்டுறவன் மகதானே, ஓட்டட்டும்" என்றார் அப்பா. அவர் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினார்.

எங்கள் கைக்கு எட்டும் விலையில் எதை வாங்கலாம் என்று நான் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒன்றாகப் பூட்ட எங்கள் பக்கம் ஆளில்லை. பூட்டியே விற்கிற பெட்டிதான் வாங்க வேண்டும். அதில் மினுக்கும் விளக்குகளைப் பார்த்து ஏமாறக் கூடாது, விளையாட்டின் படத்தை ஓட்டுவதற்கென்று தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்ட் இருக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னபோது அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா லீவுல வர்றாரு. அவரையும் கூட்டிக்கிட்டுப் போவோம்" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். மாமாவுக்குத் தெரியாதது இருக்கவா போகிறது?

ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் முதலாளி எங்களை உட்காரவைத்து இரண்டு கம்ப்யூட்டர்களைக் காட்டினார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று வெறும் கறுப்புப் பெட்டி. மற்றதற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே விசிறிகள் நிறம் மாறி மாறிச் சுழன்றன. மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டையும் சுற்றிவந்தார். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் தட்டி, "இதுதான் சாமான். எங்க கம்பெனியிலயும் இந்த மாதிரிதான்" என்றார்.

முதலாளி தயங்கினார். "அதுல தனி கார்ட் இல்லீங்க. தங்கச்சி கேம் விளையாடத்தான்னா கறுப்புதான் நல்லம்."

"மாமா, நானும் அதத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒனக்குத் தெரியாது பாப்பா. நாங்க டெய்லி பாக்குறது."

அப்போதுதான், மவுஸ் வாங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் திரும்பிப் பார்த்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. "அண்ணே! நீங்களா? ஊரு இந்தப் பக்கமா?" என்று ஓடிவந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அப்பாவிடம் திரும்பி, "எங்க ஆபீஸ்ல அண்ணன்தாங்க தேத்தண்ணி போடுறவரு. அண்ணன் லீவுன்னா எங்களுக்கு வேலையே ஓடாது" என்றான். அவன் குரலில் கேலி துளியும் இல்லை. அன்புதான் இருந்தது. அதனாலேயே அதை மறுத்து எதுவும் சொல்ல முடியவில்லை. பிறகு கம்ப்யூட்டர்களைப் பார்த்து, "கேமுக்கா? கண்ண மூடிக்கிட்டு கறுப்ப எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாமா கழுத்திலிருந்து கழற்றிய நீல நாடாவைச் சுருட்டி அட்டையோடு சட்டைப் பைக்குள் வைத்தார். எனக்குக் காது மடல் எரிந்தது. கடையில் இருந்த எல்லோரும் எங்களையே பார்ப்பதாகத் தோன்றியது. என் வகுப்பில் எத்தனை பேரிடம் மாமாவைப் பற்றி அளந்திருக்கிறேன்! தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஓர் ஓரத்தில், இனிக் கறுப்புப் பெட்டிதான் என்ற நிம்மதியும் இருந்தது.

"மச்சான் காட்டுனதையே கட்டிக் குடுங்க முதலாளி" என்றார் அப்பா.

முதலாளி என்னைப் பார்த்தார். "யோசிச்சுக்குங்க. பொறகு மாத்த ஏலாது."

"யோசிச்சாச்சுங்க."

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் மஸ்கெலியா பஸ்ஸில் இடம் இருந்தும் மாமா வாசலருகே நின்றுகொண்டே வந்தார். நோர்வூட் தாண்டியதும் என் பக்கம் குனிந்து, "பெட்டி கனமா இருக்கா பாப்பா? மாமா வாங்கிக்கவா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் எங்கள் மாமா என்று பஸ்ஸில் யாருக்கும் தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே லயத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். விசிறிகள் பச்சையும் சிவப்புமாகச் சுழல, "ஆ" என்று வாயைப் பிளந்தார்கள். விளையாட்டைப் போட்டேன். கார் விக்கி விக்கி நகர்ந்தது. வளைவில் அப்படியே நின்று, பிறகு சுவருக்குள் போய்க் கிடந்தது. போனில் என்னிடம் தோற்ற பையன்கள் சிரித்தார்கள். மாமா அடுப்படிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழுகையை அடக்கிக்கொண்டு நான் திரும்பத் திரும்ப அதே காரை ஓட்டினேன்.

அந்த நேரம் பார்த்து அத்தைகளும் பெரியப்பாவும் வந்தார்கள். அப்பா எழுந்து நின்று, ஒவ்வொருவரிடமும் சத்தமாகச் சொன்னார். "மச்சான்தாங்க கூட வந்து, தட்டிப் பாத்து எடுத்துக் குடுத்தாரு. அவரு இல்லாட்டி நமக்கு என்னா தெரியும்?"

ஒவ்வொரு தடவையும் எனக்குத் தலை குனிந்தது. மாமாவை நினைத்து மட்டுமல்ல, அப்பாவை நினைத்தும் வெட்கமாக இருந்தது. கடையில் அந்த இளைஞன் பேசியது அப்பாவின் முகத்துக்கு நேராக. இருந்தும் இந்த மனிதர் இப்படிப் பெருமை பேசுகிறாரே. லொறி ஓட்டி ஓட்டி அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.