பெண்ணையாறு எங்கே பிறக்கிறது?

என் அத்தையின் கல்யாணத்தை நான்தான் கெடுத்தேன் என்பது எங்கள் குடும்பத்தில் பல வருஷம் செல்லுபடியான செய்தி. அப்போது எனக்குப் பத்து வயது. வளவனூரில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

அத்தை அப்பாவின் தங்கை. பிளஸ் டூ முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கான குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தினம் ஒரு பொது அறிவுச் செய்தியாவது நோட்டில் ஏறாமல் தூங்கமாட்டாள். ரேடியோவில் கேட்டது, மளிகைப் பொட்டலம் கட்டி வந்த தாளில் படித்தது, எல்லாம் அதில் இருக்கும். காலையில் அவள் மல்லாட்டைச் சட்னிக்கு வேர்க்கடலை அரைக்கும்போது நான் நோட்டைப் பிரித்துக் கேள்வி கேட்க வேண்டும். பூவின் ஏழு பருவங்கள் என்றால், அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று குழவியின் தாளத்திலேயே பதில் வரும். தப்பாகச் சொன்னால் தலையில் குட்டலாம் என்று எனக்கு அனுமதி இருந்தது. ஒருநாள்கூட அந்த வாய்ப்பைத் தராத கல்நெஞ்சக்காரி.

தை பிறந்ததும் தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். பெண்ணையாற்றங்கரையில் எட்டு ஏக்கர் நஞ்சை. பெண் வேலைக்குப் போகக் கூடாது, பரீட்சையும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு இந்த இடம் வேண்டாம் என்று அத்தை சொன்னதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மாப்ள தங்கம். அவங்கப்பாதான் கொஞ்சம் ஒரு மாதிரி. ஆறே அவரு வூட்டுதுன்னு பேசிக்கினு இருப்பாரு. எதுத்துப் பேசுனா மட்டும் பொறுக்காது" என்றார் தரகர். அத்தை அவருக்குக் காபி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பெண் பார்க்க வந்தது ஆற்றுத் திருவிழாவுக்கு முந்தின நாள். காலையில் எனக்குச் சடை பின்னும்போது அத்தை, "அவங்க வந்தா நோட்ட எடுத்துக்கினு எம் பக்கத்துலயே உக்காருடி. ஆத்தப் பத்திக் கேளு. சத்தமா கேளு" என்றாள். அவள் திறமையை மாப்பிள்ளை வீட்டுக்கு எடுத்துக்காட்டும் பொறுப்பு என்னுடையது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பொண்ணு பாடுமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "பாடாது. கேள்வி கேட்டா பதில் சொல்லும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், பெண்ணையாறு எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டுவிட்டேன்.

அத்தை தலைகுனிந்தபடி இருந்தாள். பதில் தெரிந்தவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குப் பதறியது. மாப்பிள்ளையின் அப்பா முந்திக்கொண்டார். "எங்க ஆத்தப் பத்தி என்னக் கேளு பாப்பா. சாத்தனூர் டேம்ல பொறக்குது."

"இல்லீங்க. கர்நாடகாவுல நந்தி மலையில பொறக்குது. சாத்தனூர்ல தேக்கி வக்கிறாங்க, அவ்ளோதாங்க" என்றாள் அத்தை, மரியாதை கொஞ்சமும் குறையாமல்.

அவர் பாதி குடித்த காபியைக் கீழே வைத்தார். சாயங்காலம் தரகர் வந்து, "அவ்ளோ அறிவு அவங்க வூடு தாங்காதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதில் சொன்னவளை அப்பாவால் திட்டத்தான் முடிந்தது. கேள்வி கேட்டவளை அடிக்க முடிந்தது. அடி விழும்போது அத்தை கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆற்றங்கரையில் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்திருந்தன. எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தை, திருவிழாவில் வாங்கிய சுருளிக்கிழங்கை வேகவைத்து, தோலுரித்து, ஆற ஊதி, ஒவ்வொரு துண்டாக எனக்கு ஊட்டினாள். "வலிக்குதாடி?" என்று மட்டும் கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. கல்யாணம் போன துக்கம் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் அத்தை பரீட்சையில் தேறி, திண்டிவனத்தில் வேலைக்குப் போனாள். பல வருஷம் கழித்து வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த நோட்டு என் கையில் கிடைத்தது. அதில் மூன்று பக்கங்களின் முனை மட்டும் மடித்திருந்தது. ஒன்று ஆறு, ஒன்று கரும்பு, ஒன்று ஏரிப் பாசனம். எட்டு ஏக்கர் வைத்திருப்பவர் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாத மூன்று விஷயங்கள். நான் கேட்ட முதல் கேள்வியே போதுமானதாக இருந்திருக்கிறது.

அன்றைக்கு அவள் ஊட்டிய கிழங்கை, அத்தை என்னை மன்னித்துவிட்டாள் என்ற நிம்மதியோடுதான் தின்றேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது அவள் என்று எனக்குத் தெரியாது.