கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழி

உள்ளறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம். சரக், சரக்கென்று காகிதத்தில் எதையோ தேய்க்கும் சத்தம்.

சமையலறையில் பால் ஆற்றிக்கொண்டிருந்த டிரைவரின் கை அப்படியே நின்றது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். காலமெல்லாம் டவுன் பஸ்ஸில் ஒரே தடத்தில் போய்ப் போய் வந்தவர். மனைவியை ஊர் எல்லை தாண்டிக் கூட்டிப்போனதே இல்லை. "ஊரையே சுமந்தீங்க, என்னை மட்டும் ஸ்டாப்பிங்லயே விட்டுட்டீங்க" என்று அவள் குத்திக்காட்டாத நாளில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய காரும் இரண்டு பயண வழிகாட்டிப் புத்தகங்களும் வாங்கினார். கட்டிலில் அவற்றைப் பரப்பிக்கொண்டு இருவரும் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. ஒரு புத்தகம் மழைக்காலத்தில்தான் அருவி அழகு என்னும். மற்றது மழைக்காலத்தில் அந்தப் பாதையை நினைக்கவே வேண்டாம் என்னும். "சம்பந்திங்க மாதிரி ஒண்ணுக்கொண்ணு ஒத்தே போகாது போல" என்று அவள் சிரிப்பாள். படங்களைப் பார்த்துப் பென்சிலால் டிக் போடுவாள்: அருவி, ஏரி, கடைசியில் கடலோரத்துக் கலங்கரை விளக்கம். அவர் பெட்ரோல் பங்குகளையும் கழிப்பறைகளையும் குறித்து வைப்பார்.

ஒத்திகை பார்க்கக் காரில் கிளம்பிய முதல் நாளே, வழியிலிருந்த பஸ் ஸ்டாப் ஒவ்வொன்றிலும் அவர் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. "ஏற யாரும் இல்லைங்க. ரைட், போலாம்!" என்று அவள் கண்டக்டர் குரலில் சொல்லிச் சொல்லி, வீடு திரும்புவதற்குள் சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது. அவளுக்கு வந்த வலி சிரிப்பால் வந்ததல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

"குலுங்குற பயணமெல்லாம் இனிமே கூடாது. இருக்கிற நாளும் கொஞ்சம்தான்" என்று டாக்டர் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னார். அவர் அதை நெஞ்சுக்குள் புதைத்துக்கொண்டு, "உடம்பு தேறட்டும், கிளம்பிடலாம்" என்று தினமும் புத்தகத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தார்.

இப்போது பால் டம்ளரோடு உள்ளே போனார். தலையணையில் சாய்ந்தபடி அவள் ஏரிக்குப் போட்ட டிக்கை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அருவி ஏற்கெனவே போயிருந்தது.

"என்னம்மா, ரூட்டை மாத்துறியா?"

"குறைக்கிறேங்க. எல்லாத்தையும் ஒரேயடியா அழிச்சா நீங்க தாங்க மாட்டீங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "யார் சொன்னா உனக்கு?"

"யார் சொல்லணும்? டயர் மாத்தணும், ஆயில் மாத்தணும்னு குதிச்ச மனுஷன், ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுக்கப்புறம் வண்டி பக்கமே போகல. அது போதாதா?"

டிரைவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வாசலில் மணி அடித்தது. அவளுடைய தம்பி. அவள்தான் போன் செய்து வரச் சொல்லியிருந்தாள்.

"கலங்கரை விளக்கத்தை மட்டும் அழிக்கலடா" என்று புத்தகத்தை அவனிடம் நீட்டினாள். "உன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு நம்ம வண்டியிலயே போ. மேல ஏறி நின்னு எனக்குப் போன் போடு. கடல் காத்து எனக்குக் கேக்கணும்."

"மாமா இருக்கும்போது நான் எப்படிக்கா..."

"உன் மாமா ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிப்பாரு. வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

அவள் மட்டும்தான் சிரித்தாள்.

"சாவியைத் தர மாட்டேன்!" டிரைவர் சின்னப் பிள்ளைபோலச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். "நான்தான் உன்னைக் கூட்டிப்போவேன். வேற யாரும் போகக் கூடாது."

"என்னால ஆகாதுங்க." அவள் அவர் கையைப் பற்றினாள். "நாம போட்ட ரூட் வீணாகாம இருக்கட்டுமே."

சட்டைப்பையைப் பொத்தியிருந்த அவர் கை மெல்லத் தளர்ந்தது. சாவி மச்சான் கைக்குப் போனது.

"மலை இறக்கத்துல ரெண்டாவது கியரை விட்டு மாத்தாத, மாப்ளே" என்றார் வாசல்வரை போய். "புத்தகத்துல இருக்கிற பங்க்கை நம்பாத, பழைய பதிப்பு. இங்கயே டேங்கை நிரப்பிக்கோ." அவன் தோளைத் தட்டினார். "பார்த்துப் போ."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினான். கார் உறுமியது. டிரைவர் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூடக் கை வரவில்லை.

உள்ளறையிலிருந்து மெலிந்த குரலொன்று கேட்டது.

"ரைட், போலாம்!"

கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. அவர் கதவைச் சாத்தினார்.