ஈஸ்வரி, உன்மேல் எனக்குப் பொறாமைதான்

ஈஸ்வரி போய்விட்டாள்.

எனக்கு யாரும் போன் செய்யவில்லை. காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது டிவியில் கீழே ஓடிய வரியில்தான் பார்த்தேன்... பல வெற்றிப் படங்களின் கதையை எழுதிய நாவலாசிரியர் ஈஸ்வரி காலமானார் என்று.

முதலில் அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். அடுத்த நொடியே, எனக்கெல்லாம் இப்படி ஒரு வரி ஓடாது என்று தோன்றியது. இரண்டும் உண்மை. இன்றைக்குப் போய் பொய் எழுத மனசு வரவில்லை.

உங்களில் பலருக்கு அவளை சினிமா வழியாகத்தான் தெரியும். எனக்கு அவள் காந்திபுரத்தில் ஒரு நூல் ஏஜென்சி ஆபீஸில் பக்கத்து சீட். படிக்கிற நூல் இல்லை, தறிக்குப் போகிற நூல். சோமனூரில் இருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். அவள் வீட்டில் விசைத்தறி.

நான் சீனியர். ஆபீஸிலும், கதையிலும். வாரப் பத்திரிகைகளில் என் கதைகள் வந்துகொண்டிருந்த காலம்.

மதியம் டிபன் பாக்ஸோடு அவள் கதையும் வெளியே வரும். "அக்கா, படிச்சுப்போட்டு சொல்லுங்க. நல்லா இல்லீன்னா இல்லீன்னே சொல்லுங்க."

நன்றாகத்தான் இருக்கும். அதுதான் பிரச்சினை...

என் முதல் நாவல் வந்தது. பெயர் சொல்லவில்லை, அஞ்சலியிலும் விளம்பரமா என்பீர்கள். அதைப் படித்துவிட்டு சென்னையில் இருந்து ஒரு டைரக்டர் கூப்பிட்டார். கோவை வரும்போது நேரில் பேசலாம் என்றார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே அழைத்துவிட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்காரர் வெளியூர். தனியாகப் பேச எனக்குக் கூச்சம். ஈஸ்வரியைத் துணைக்கு வரச் சொன்னேன். ஆமாம், நானேதான் கூப்பிட்டேன்.

காலையிலேயே வந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். டைரக்டர் அரிசிம்பருப்புச் சோற்றை ரசித்துச் சாப்பிட்டார். என் நாவலைப் பற்றி நிறைய நல்ல வார்த்தைகள். அப்புறம் ஒரு மரியாதைக்காக அவளிடம் திரும்பினார்.

"நீங்களும் எழுதுவீங்களா மேடம்?"

"ஒண்ணு எழுதிட்டிருக்கேனுங்க. இன்னும் முடியலைங்க."

"எதைப் பத்தி?"

சொன்னாள். ஒரு தறி வீடு. நாள் முழுக்கச் சத்தம். மாமியாரும் மருமகளும் கத்தித்தான் பேசிக்கொள்கிறார்கள். ஒரு மத்தியானம் கரண்ட் போகிறது. வீடு அடங்குகிறது. அப்போதுதான் அடுப்படியில் மருமகள் அழுவது மாமியார் காதில் முதல்முறையாக விழுகிறது. தினமும் அழுதிருக்கிறாள்... தறிச் சத்தத்தில் கேட்டதே இல்லை.

டைரக்டரின் கை இலையிலேயே நின்றுவிட்டது. ரசம் ஊற்றப் போன என் கையும்.

அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்பினார். போன பிறகு பார்த்தால், அவர் கொண்டுவந்த என் நாவல் சோபாவிலேயே கிடந்தது.

ஈஸ்வரி பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். "நான் வாயே தொறந்திருக்கக் கூடாதுங்கக்கா. வேண்டாம்னு சொல்லிப்போடறேனுங்க."

"லூசாட்டம் பேசாத அம்மணி. அவரு கேட்டாரு, நீ சொன்னே."

அவள் திருடியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! ஊரெல்லாம் சொல்லித் திட்டியிருப்பேன். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. நன்றாக எழுதினாள், அவ்வளவுதான்.

அந்தத் தறி வீட்டுக் கதை படமாக வந்தது; கூட்டம் குறைந்ததும் தனியாகப் போய்ப் பார்த்தேன். கரண்ட் போகிற இடத்தில் தியேட்டரே மூச்சு விடவில்லை. பக்கத்து சீட் பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இதை எழுதியவள் என் பக்கத்து சீட் என்று சொல்ல வாய் வரை வந்தது... சொல்லவில்லை.

அப்புறம் வரிசையாகப் படங்கள். வேலையை விட்டாள். கார் வந்தது, விருது வந்தது. எனக்கு ரிட்டயர் ஆகும்வரை அதே சீட்.

புதிதாக வருகிற ஒவ்வொரு டைரக்டரிடமும் "எங்க அக்கா நாவலைப் படிச்சுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

போன மாதம் சோமனூர் போய்ப் பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. குரல் மட்டும் அப்படியே.

புது நாவலின் கதையைச் சொன்னாள். முழுதாக, முடிவு வரைக்கும். படம் எடுக்க ஆள் ரெடி. அவளுக்கு எழுதத் தெம்பில்லை, ஒரு வரிகூட ஆரம்பிக்கவில்லை.

"நீங்க எழுதிப்போடுங்கக்கா. உங்க பேருலயே வரட்டும்."

ஆசை வந்தது. போஸ்டரில் என் பெயரைக்கூடப் பார்த்துவிட்டேன்.

"உன்ற கதைய நான் எதுக்குக் கண்ணு எழுதோணும்? எந்திரிச்சு உக்காந்து நீயே எழுது."

சிரித்தாள். "சரின்னு சொல்லிப்போடுவீங்களோன்னு பயந்துட்டே இருந்தேனுங்க!"

இன்று சோமனூரில் அவள் தெரு கொள்ளாத கூட்டம். நடிகர்கள், மாலைகள், தூக்கிப் பிடித்த செல்போன்கள்.

ஓரமாக நின்ற என்னிடம், அந்தப் புது நாவலைப் படமெடுக்க இருந்த தயாரிப்பாளர் வந்தார். "மேடம், கடைசிக் கதை உங்களுக்குத் தெரியும்னு வீட்ல சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, எங்க ஆளுங்க எழுதிக்குவாங்க. டைட்டில்ல உங்க பேரும் வரும்."

"அவ அதை எழுதலைங்க. அப்பறம் ஏதுங்க கதை?"

அவர் வேறு பக்கம் போய்விட்டார். நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அந்தக் கதைக்கு எவ்வளவு நல்ல முடிவு ஈஸ்வரி அது... எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா?

போய் வா, கண்ணு.