சும்மா உட்கார ஓர் இடம்

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். விடுதிகளும் ஆஸ்பத்திரிகளும் அழுக்காக்கி அனுப்பும் படுக்கை விரிப்புகள் துவைக்கப்பட்டு, உலர்ந்து, சூடான உருளைக்குள் நுழைந்து தட்டையாக வெளியே வரும். அவற்றை மடித்து அடுக்குவது அவள் வேலை. நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த விரிப்பு இருக்கிறதே, அதை யார் மடித்தாலும் கடைசியில் முட்டைக்கோஸ் மாதிரி உருண்டுகொள்ளும். மடிப்பக்கா மடித்தால் மட்டும் புத்தகம் மாதிரி நிமிர்ந்து நிற்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களைச் சூப்பர்வைசர் முதலில் அவள் மேசைக்குத்தான் கூட்டிவருவார். "பாத்துக்கோங்க, இதுவும் துணிதான்" என்பார்.

இப்படிப்பட்டவளின் வீடு சந்தைக்கடையாக இருந்தது. அவள் கணவர் லிப்ட் ரிப்பேர் பார்ப்பவர். காலையில் ஒரு காலில் சாக்ஸோடு இன்னொரு சாக்ஸைத் தேடிக்கொண்டு நொண்டி விளையாடுவார். மாமனார், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். அது பிரிட்ஜுக்குள் சில்லென்று கிடைக்கும். மடிப்பக்கா சாவியைத் தேடுவாள். ஆக மூன்று பேருமே ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு தேடுவார்கள். சாயங்காலம் வந்ததும் மறுபடியும் தேடல். இடையிடையே சமையல். படுக்கப் போகும்போது அவளுக்குத் தோன்றும்: இன்றைக்கு நான் ஒரு நிமிஷமாவது உட்கார்ந்தேனா? பஸ்ஸில் உட்கார்ந்தது கணக்கில் சேராது. அதிலும் பாதி நாள் நின்றுதான்.

ஒருநாள் அந்தப் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த பெண்ணின் போனிலிருந்து ஒரு குரல் கேட்டது. நேரம் மிச்சம் பிடிப்பது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தது. "ஒரு பொருளை ரெண்டு தடவை தொடாதீங்க. எடுத்தா, வேலை முடியற வரைக்கும் கீழ வெக்காதீங்க" என்றது. அதற்குள் அந்தப் பெண் இறங்கிவிட்டாள். மடிப்பக்கா கேட்டது அவ்வளவுதான். ஆனால் அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

மறுநாளே வீட்டில் சட்டம் அமலுக்கு வந்தது. கொடியிலிருந்து எடுத்த சட்டையை நாற்காலியில் போட்டால்தானே இரண்டாவது தடவை தொட வேண்டும்? எடுத்த கையோடு கணவருக்கு மாட்டிவிட்டாள். அவர் அப்போது குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் கழட்டினேன்!"

"அது உங்க தப்பு. நான் எடுத்துட்டேன், இனிமே கீழ வெக்க முடியாது."

அடுத்து, எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே அதைச் சுற்றிச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டாள். சாவிக்கு ஒரு கோடு, கண்ணாடிக்கு ஒரு கோடு, திருப்புளிகளுக்கு வரிசையாகக் கோடுகள். மாமனார் மதியம் கூடத்தில் கண்ட இடத்தில் வெறுந்தரையில் படுத்துத் தூங்குவார். சமையலறைக்குப் போகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒரு விடுமுறை நாளில் அவர் வழியை விட்டு ஒதுங்கிப் படுத்திருந்தார். இதுதான் சரியான இடம் என்று அவளுக்குப் பட்டது. தூங்குகிறவரைச் சுற்றித் தலை, தோள், முழங்கை என்று ஒன்று விடாமல் கோடு இழுத்துவிட்டாள்.

சற்று நேரம் கழித்து மாடிவீட்டு அம்மா ஏதோ கேட்க வந்தவர், ஆளில்லாத தரையில் ஆள் உருவத்தைப் பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் தெருவே திரண்டுவிட்டது. "பெரியவருக்கு என்ன ஆச்சு? யார் பண்ணினது?"

குளியலறையிலிருந்து முகத்தில் சோப்பு நுரையோடு மாமனார் எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலம்மா. அது என் ரிசர்வேஷன் சீட்டு."

சிரிப்பதாக இருந்தால் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் வேலை நடந்தது. தேடுவது நின்றது. தேடுவது நின்றதும் கத்துவது நின்றது. கத்துவது நின்றதும் பாத்திரங்கள் தாமாகவே சீக்கிரம் கழுவப்பட்டது போல இருந்தது. ஒரு சாயங்காலம் மடிப்பக்கா துணியை உதறிக் காயப்போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. அடுப்பு துடைத்திருந்தது. நாளைக்கான காய் நறுக்கி மூடி வைத்திருந்தது. பயந்துபோய் இன்னொரு தடவை வீட்டைச் சுற்றி வந்தாள். நிஜமாகவே ஒன்றும் இல்லை. பால்கனியில் நாற்காலியைப் போட்டு, எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

கணவர் வந்தார். அவளைப் பார்த்தார். பையைக் கீழே வைக்கக்கூட மறந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அப்ப ஏன் உக்காந்திருக்கே?"

"சும்மா."

அவர் உள்ளே போய் அப்பாவைக் கூட்டிவந்தார். மாமனார் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு இல்ல" என்று மகனிடம் சொன்னார். அவர் குரலில் இருந்த கவலையைப் பார்த்தால், சூடு இருந்திருக்கலாமே என்று வருந்தியது போலிருந்தது.

விஷயம் பரவ அதிக நேரம் ஆகவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த தங்கை போன் செய்தாள். "அக்கா, நீ இப்பல்லாம் சாயங்காலம் சும்மாதான் இருக்கியாமே? என் ஜன்னல் திரையெல்லாம் ஓரம் அடிக்கணும், அனுப்பட்டுமா?" திரைகள் வந்தன. மாடிவீட்டு அம்மா தன் கிளிக்கூண்டைக் கொண்டுவந்து வைத்தார். "தனியா விட்டா இதுக்கு மனசு ஒடிஞ்சு போகுது. நீதான் சும்மா இருக்கியே, ரெண்டு வார்த்தை பேசிட்டிரு." கிளி ஒரு வார்த்தையும் பேசாது. பேசுவதை நிறுத்தினால் மட்டும் கத்தும். சலவைக்கூடத்திலும் சூப்பர்வைசர் மோப்பம் பிடித்துவிட்டார். "சீக்கிரம் முடிச்சிடறீங்க போலிருக்கே? அப்ப அந்த ஆஸ்பத்திரி மூட்டையையும் பாத்துடுங்க."

சிரமப்பட்டுச் சேர்த்த நேரம் அது. ஆளாளுக்குக் கையை விட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். இதற்குப் பழைய குப்பையே தேவலை என்று ஒருநாள் அவள் வாய்விட்டே சொன்னாள். கேட்டது கிளி மட்டும்தான்.

அந்த வாரம் மாமனாரின் பல்செட் உடைந்தது. அதைக் கொடுத்து ஒட்டிவாங்க மடிப்பக்கா பல் டாக்டரிடம் போனாள். சின்ன கிளினிக். சுவரோரம் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, பழைய வாரப்பத்திரிகைகள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் டோக்கன் கொடுத்து, "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றாள். மடிப்பக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருந்தாள். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. போன் அடித்தது. தங்கை.

"எங்க இருக்கே?"

"பல் டாக்டர்கிட்ட."

"ஐயோ பாவம். சரி சரி, நான் அப்புறம் பேசறேன்" என்று தங்கை உடனே வைத்துவிட்டாள்.

மடிப்பக்கா போனைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். உலகத்திலேயே கேள்வி கேட்காமல் மனுஷியை உட்காரவிடும் இடம் இதுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் சாயங்காலமும் போனாள். பல்லில் வலி என்றாள். டோக்கன் வாங்கினாள். அவள் முறை வரும்போது பின்னால் வந்தவருக்கு விட்டுக்கொடுத்தாள். "நீங்க போங்க, நான் பொறுத்துக்குவேன்." கிளினிக் மூடும் வரை பொறுத்துக்கொண்டு, "இப்ப வலி விட்டுப்போச்சு" என்று கிளம்பிவிட்டாள். வீட்டில் அவள் பல்லை நினைத்து எல்லோரும் உருகினார்கள். கணவர் சாதம் குழைய வடித்தார். மாடிவீட்டு அம்மா கிளியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

சில நாட்கள் போனதும் அவள் ஒன்றைக் கவனித்தாள். எதிர் நாற்காலியில் ஒரு மனிதர், கன்னத்தில் கைக்குட்டையை அழுத்தியபடி தினமும் வருகிறார். முறை வந்தால் அவரும் விட்டுக்கொடுக்கிறார். ஒருநாள் அவளால் பொறுக்க முடியவில்லை.

"உங்களுக்கு நேத்து வலது பக்கம்தானே வலிச்சுது?"

அவர் கைக்குட்டையைச் சட்டென்று இடம் மாற்றினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் ஸ்கூல் ஹெட்மாஸ்டர்ம்மா. வீட்டுக்குப் போனா என் தம்பி பசங்களுக்கு டியூஷன் எடுக்கணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அதற்கு அடுத்த வாரம் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் சூப்பர்வைசர். கன்னத்தில் கை. மடிப்பக்காவும் பதறி எழுந்து கன்னத்தில் கை வைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"எந்தப் பல்லு?" என்றார் அவர்.

"கடைவாய். உங்களுக்கு?"

"எனக்கும் அந்தப் பக்கம்தான்" என்று அவர் போய் மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

இவர்களெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒருநாள் உள்ளே நுழைந்தவர் கையில் திருப்புளிப் பை. அவள் கணவர்.

"லிப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு சொல்லிட்டுப் போனீங்களே?"

அவர் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "மாட்டிக்கிட்டது நான்தான்" என்றார்.

மூன்று வாரமாக அவர் எதிர்த்தெருக் கண் டாக்டரிடம் உட்கார்ந்திருந்தாராம். அங்கே கண்ணில் சொட்டுமருந்து விட்டுவிட்டார்களாம். அதனால் இங்கே மாறிவிட்டார். மடிப்பக்காவுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார்.

அந்த டாக்டர் புதிதாக ஆரம்பித்தவர். அறை நிறைய ஆள் இருப்பதைப் பார்த்து முதலில் பூரித்துப்போனார். ஆனால் அவர் வெளியே வந்து "அடுத்தது யாரு?" என்றால் "நீங்க போங்க", "ஐயையோ, நீங்க முதல்ல" என்று ஒரே உபசாரம். ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். "இவ்வளவு நல்லவங்களை நான் பார்த்ததே இல்லை" என்று அவர் வரவேற்புப் பெண்ணிடம் நொந்துகொண்டார்.

ஒரு சாயங்காலம் கன்னம் வீங்கிய லாரி டிரைவர் ஒருவர் நிஜமான வலியோடு வந்தார். அறையே எழுந்து நின்று அவருக்கு வழிவிட்டது. ஹெட்மாஸ்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். வலி போன டிரைவர் போகிற இடமெல்லாம் சொன்னார்: "கூட்டம் அப்படி அலைமோதுது. கைராசி இல்லாமலா?" பிறகென்ன, நிஜமான பல்வலிக்காரர்கள் வந்து குவிந்தார்கள். நாற்காலி போதவில்லை. டோக்கன் குழம்பியது. வாசல்படியில் சண்டை. வரவேற்புப் பெண் அழுதேவிட்டாள்.

மடிப்பக்காவின் கை துறுதுறுத்தது. "பேசாம உக்காரு" என்று கணவர் காதில் சொன்னார். அவளும் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு பார்த்தாள். முடியவில்லை. எழுந்துபோய் மேசைக்குப் பின்னால் நின்றாள். "முதல்ல போன்ல நேரம் கேட்டுட்டு வாங்க. பல்லு சுத்தம் பண்ண வந்தவங்க ஒரு நாள், ஓட்டை அடைக்க வந்தவங்க ஒரு நாள், பிடுங்கிக்க வந்தவங்க நேரா உள்ள." எலாஸ்டிக் விரிப்பை மடிப்பது போல மூலைக்கு மூலை இழுத்து அந்தக் கூட்டத்தை ஒழுங்குபண்ணினாள். ஒரே வாரம். நோயாளி வந்தார், நேரே உள்ளே போனார், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். காத்திருக்க யாருக்கும் அவசியமே இல்லை. டாக்டர் அகமகிழ்ந்து நாற்காலிகளையெல்லாம் எடுத்துவிட்டு அங்கே ஒரு பெரிய மீன்தொட்டியை வைத்தார்.

ஹெட்மாஸ்டர் கைக்குட்டையோடு வாசலில் நின்று மீன்களைப் பார்த்தார். சூப்பர்வைசர் மடிப்பக்காவைப் பார்த்தார். "உங்களுக்குக் கை சும்மாவே இருக்காதா?" என்றார்.

அவளும் கணவரும் நடந்தே வீடு திரும்பினார்கள். "வேற டாக்டர் யாராவது?" என்று அவர் ஆரம்பித்தார். அவள் தலையாட்டி மறுத்தாள். "எத்தனை பல்லுக்குத்தான் பொய் சொல்றது?"

வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் இரண்டு நாற்காலிகளைப் போட்டாள். உட்கார்ந்தார்கள். மாமனார் எட்டிப் பார்த்து, புறங்கையை யார் நெற்றியில் வைப்பது என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டார். போன் அடித்தது.

"அக்கா, என்ன பண்ணிட்டிருக்கே?"

பல் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மடிப்பக்கா அதை விழுங்கினாள். "சும்மா உக்காந்திருக்கேன்."

"நல்லதாப் போச்சு. அப்படின்னா கொஞ்சம் இங்க வந்து..."

"வர முடியாது. சும்மா உக்காந்திருக்கேன்னு சொன்னேனே."

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாள் என்றே மடிப்பக்கா நினைத்தாள். ஆனால் தங்கை, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, அப்படி எல்லாம் சொல்லலாமா?"

"எனக்கும் தெரியலடி. இப்பத்தான் முதல் தடவையா சொல்லிப் பாக்கறேன்."

கொஞ்ச நேரத்தில் தங்கையே வந்துவிட்டாள். மூன்றாவது நாற்காலி இல்லை. துணி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். எதிர்வீட்டுச் சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை. மூவரும் அதை நன்றாகப் பார்த்தார்கள். அன்றைக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் ஆயிற்று. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.