முன்சீட்டு நாற்றம்

சுருளிப்பட்டியில் கருத்தக்கண்ணனைப் போலச் சுத்தக்காரன் கிடையாது. இதை அவனே சொல்லுவான். வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வாசலில் சாக்கடை தேங்கிக் கிடந்தால் தாண்டிப் போவான். வண்டிக் கண்ணாடியில் காக்கை எச்சம் விழுந்தால் சாப்பிட்ட கையோடு ஓடுவான். சனிக்கிழமை குச்சனூர், மற்ற நாளில் குமுளி, கார்த்திகை பிறந்தால் சபரிமலை என்று அந்த வெள்ளைக் கார் வாடகைக்கு ஓடித்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதை இல்லையென்று சொல்லவில்லை.

அவனை ஆளாக்கியது அக்காள் மொக்கம்மாள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம் மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் அட்டைக்கடி பட்டு, தம்பியை டிரைவராக்கினாள். அப்புறம் அவளுக்குச் சர்க்கரை வந்தது. இடது பாதத்தில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் குழியாகிவிட்டது. வாரம் தவறாமல் வந்து சுத்தம் செய்து கட்டுப் போட வேண்டும், விட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று தேனி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தம்பிதான் வண்டியில் கூட்டிப் போனான். அக்காள் ஏறினால் ஏசி கிடையாது, கண்ணாடியை இறக்கிக் காற்றுதான். அது போதும் அவளுக்கு. முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, தெரிந்த முகம் தென்பட்டால் கையை ஆட்டிக்கொண்டு போவாள். பிறந்ததிலிருந்து அவள் கண்ட சொகுசு அந்த முன்சீட்டு ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்கு ஊரெல்லாம் வண்டிக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலையை மனிதர்களுக்குக் கொடுக்கும். கருத்தக்கண்ணன் பானெட்டைத் திறந்து வண்டிக்கும் இரண்டு கை அள்ளிப் போடுவான்.

"ஒழைக்கிறது அது. அதுக்குப் போடாம நாம மட்டும் திங்கலாமா?" என்பான்.

இந்தத் தடவை பொரிக்கு எலி வந்தது. வந்த எலி வயரையும் கடித்தது. பொரி போட்ட அதே கையால் எலி மருந்தையும் அங்கேயே வைத்தான். எலித் தொல்லை ஒழிந்தது. அடுத்த வாரம் நாற்றம் ஆரம்பித்தது. உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். அவனுக்கு விளங்கவில்லை.

குமுளியில் ஏறிய ஒரு மலையாளக் குடும்பம் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலேயே இறங்கிக்கொண்டது. "சேட்டா, இதினகத்து எந்தோ சத்து கிடக்குன்னு," என்று மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த ஆள் நேராகவே சொன்னார். வண்டிக்குள் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அதற்குமேல் எப்படித்தான் சொல்வது? தன் வண்டியைப் பிணவண்டி என்று சொல்லிவிட்டதாக இவனுக்குக் கோபம் வந்தது.

வைத்தியம் தொடங்கியது. எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்தான். காப்பித்தூள், அடுப்புக்கரி, ஆப்ப சோடா எல்லாம் கிண்ணம் கிண்ணமாக சீட்டுக்கு அடியில் போயின. சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்தினான். குச்சனூர் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றினான். கம்பத்து மண்டியில் முதல் தரம் ஏலக்காயாக வாங்கித் துணியில் முடிந்து தொங்கவிட்டான். அதன்பிறகு ஏலக்காய் போட்ட பிண வாடை அடித்தது.

கடைசியில் கம்பத்தில் வண்டி ஏசி வேலை பார்க்கும் ரசூலிடம் போனான்.

"மாப்ள, டேஷ்போர்டக் கழட்டித்தான் பாக்கணும். ரெண்டு மூணு நாளு வண்டி இங்கன நிக்கட்டும்," என்றான் ரசூல்.

"சீசன் பொறக்கப் போகுது. இப்பப் போயி வண்டிய நிறுத்தச் சொல்றியே."

வரும் வழியெல்லாம் யோசித்தான். ஏசி போட்டால்தான் நாறுகிறது. ஏசி காற்று எதைக் கிளப்புகிறது? முன்சீட்டுக் கார்ப்பெட்டில் ஊறியதை. முன்சீட்டில் உட்காருவது யார்? கெட்டிக்காரன், கண்டுபிடித்துவிட்டான். டேஷ்போர்டைக் கழற்றுவதைவிட அக்காளைக் கழற்றுவது சுலபமாக இருந்தது.

மறுவாரம் தேனியிலிருந்து திரும்பும்போது, உத்தமபாளையம் தாண்டியதும் சொன்னான்.

"கோவிச்சுக்கிராதக்கா. வண்டியில ஒன் காலு நாறுது. ஏர்றவங்கெல்லாம் எறங்கிப் போறாங்க."

மொக்கம்மாள் குனிந்து பாதத்தைப் பார்த்தாள். ஊசியால் குத்தினாலே தெரியாத கால் அது. நாறுவது மட்டும் தனக்கு எப்படித் தெரியும் என்று நினைத்திருப்பாள் போல.

"இருக்கும்டா," என்றாள். "இத்தன நாளு சொல்லாமப் பொறுத்திருக்கியே."

பாவி மகள், அவனுக்கு நன்றி சொன்னாள்.

அடுத்த வாரம் பஸ்ஸில் போனாள். யாருக்கும் வாடை அடித்துவிடக் கூடாது என்று கட்டின்மேல் பாலித்தீன் பையைச் சுற்றி இறுக்கி முடிந்திருந்தாள். புண் அதற்குள் அவிந்தது. ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தபோது, "வேணாம் ஆத்தா, என் காலு நாறும்," என்று சொல்லிவிட்டுத் தேனி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அதற்கடுத்த வாரம் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

கார்த்திகை பிறந்து வண்டிக்கு மாலையும் போட்டாயிற்று. சாமிமார் ஏசி கேட்பதில்லை, கண்ணாடியை இறக்கியே வண்டி ஓடியது. கருத்தக்கண்ணன் பெண்டாட்டி உமாதேவிதான் அவனிடம் கேட்டாள்.

"ஏங்க, மதினிக்குக் கட்டுப் போட்டு எத்தன நாளாச்சு? ஒரு நட கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்."

"சாமிமாரு ஏர்ற வண்டி. சீழையும் ரத்தத்தையுமா ஏத்தச் சொல்ற? சீசன் முடியட்டும்."

சீசன் முடிகிறவரை சீழுக்குப் பொறுமை இல்லை. மார்கழியில் மொக்கம்மாளுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டு நினைவு தப்பியது. அவன் பம்பையில் சாமிகளுக்காகக் காத்துக் கிடந்தான். உமாதேவி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பொங்கல் கழிந்து அக்காளை அழைத்துவர அவனே போனான். மனசு கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். முன்சீட்டில் புதுத் துண்டு விரித்து, கைத்தாங்கலாக உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டான். அக்காளுக்காக அவன் ஏசி போட்டது அதுதான் முதல் தடவை.

வண்டி வீரபாண்டியைக்கூடத் தாண்டவில்லை. குப்பென்று அடித்தது.

கருத்தக்கண்ணன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். மொக்கம்மாள் இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்தாள். கால் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே சேலைதான் கிடந்தது. பிறகு மிச்சமிருந்த வலது காலை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.

"ஏலே கண்ணா, இந்தக் காலும் போச்சாடா?"

அவன் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினான்.

மறுநாள் ரசூல் டேஷ்போர்டைக் கழற்றினான். ஏசிக் காற்றாடிப் பெட்டிக்குள் தோலும் எலும்புமாக எலி ஒட்டிக்கிடந்தது. அதன் அடியில் அது இழுத்துவந்து சேர்த்த, ஊறி உப்பிய ஆயுத பூஜைப் பொரி, குங்குமத்தோடு.

"மாப்ள, ஒன் எலிக்கு நல்ல சாப்பாடு போட்டிருக்க," என்று சிரித்தான் ரசூல். அவனுக்கு அக்காள் சங்கதி தெரியாது.

வண்டி இப்போது மணக்கிறது. குமுளிக்காரர்கள் மறுபடி ஏறுகிறார்கள். எலி கிடைத்ததை உமாதேவியிடம் மட்டும் சொன்னான்.

"மதினிகிட்ட சொல்லிருங்க. தன்னாலதான்னு நெனச்சுக் குமையிறாக," என்றாள் அவள்.

"சொன்னா காலு மொளச்சிருமா? சும்மா கெட."

மொக்கம்மாள் கொல்லைக் கல்லில் உட்கார்ந்து, காலையும் மாலையும் வேப்பிலை போட்ட வெந்நீரில் ஒற்றைக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். தோல் உரிந்து சிவந்துவிட்டது. சர்க்கரைக்காரிக்கு அது ஆகாது என்று உமாதேவி சொன்னாலும் கேட்பதில்லை. தம்பி அந்தப் பக்கம் வந்தால் காலை நீட்டிக் காட்டுகிறாள்.

"மோந்து பாருடா தம்பி. நாறுதா?"

கருத்தக்கண்ணன் குனிந்து, நிஜமாகவே மோந்து பார்க்கிறான்.

"இப்ப இல்லக்கா," என்கிறான். "இப்பிடியே கழுவிட்டு இரு."